பொறுமையும் பிஸ்கட்டும்

“இன்னையோட கதையை முடிச்சிடலாம் மாப்ளே. இனிமே உசிரோட வெச்சிருந்து என்ன பிரயோஜனம்?” என்றபடி ஈரத்துண்டைச் சுருக்கம் இல்லாமல் கொடியில் விரித்துப் போட்டார் மாஸ்டர்.

“ஐயோ பாவம் மாமா! பொறந்து ஆறு மாசம்கூட ஆகலயே!” என்று பதறினான் மச்சினன்.

எப்பேர்ப்பட்ட முரட்டு நாயையும் வழிக்குக் கொண்டுவருகிற மாஸ்டரா இப்படிப் பேசுவது என்று யாரும் பயப்பட வேண்டாம். சாகக் கிடந்தது நாய் இல்லை, அவருடைய நாய்ப் பயிற்சிப் பள்ளியின் வெப்சைட்.

மச்சினன் தொழிலுக்கு வந்து கட்டிய முதல் வெப்சைட் அது. இதைக் காட்டித்தான் அடுத்தவரிடம் வேலை கேட்க வேண்டும். இதை மூடினால் அவன் பிழைப்பில் மண்.

மாஸ்டருக்கு முதலில் அதில் தான் வாங்கிய கோப்பைகளையும், மாலை போட்ட போட்டோவையும் வரிசையாகப் போட ஆசை. மச்சினன்தான் குறுக்கே விழுந்து தடுத்தான்.

“உங்க பெருமையை யாரு மாமா கேட்டா? நாயை இழுத்துக்கிட்டு வர்றவங்க வாசல்ல நின்னு என்ன கேக்கறாங்களோ, அதுக்குப் பதில் எழுதுங்க. படிச்சா நாலு பேருக்கு உபயோகமா இருக்கணும்.”

அவரும் தொழில் ரகசியத்தையெல்லாம் கொட்டி எழுதினார். நாலு பேர் வரவில்லை. ஒரே ஒருவர் வந்தார். வந்தவர் போகவே இல்லை, போட்டதையெல்லாம் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார்.

“ஒத்தை ஆளுக்காகவா நான் கை வலிக்க எழுதினேன்? இதுக்கு நான் தெருவுல நின்னு கத்தியிருந்தாகூட...” மாஸ்டரின் குரல் கூரையைத் தொட்டது.

சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். காதில் போன். ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டினாள். மாஸ்டர் கப்சிப்.

பேசி முடித்ததும் இரண்டு டம்ளர் டீயுடன் வந்தாள். மாஸ்டரின் டம்ளருக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு பிஸ்கட் வைத்தாள்.

“எனக்கு?” என்றான் தம்பி.

“உனக்கு எதுக்குடா இப்ப?” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

“அக்கா இப்பல்லாம் உங்களைத் திட்டறதே இல்லயே மாமா?”

“எல்லாம் நான் விட்டுக்கொடுத்துப் போறதாலதான்” என்று பிஸ்கட்டைக் கடித்தார் மாஸ்டர். “அதை விடு. விஷயத்துக்கு வா.”

“ஒத்தை ஆளுன்னாலும் உருப்படியான ஆளு மாமா. அவரு என்ன கேட்டாருன்னு மறந்துட்டீங்களா?” என்று மச்சினன் லேப்டாப்பைத் திருப்பினான்.

‘ஐயா, எங்கள் வீட்டில் இருப்பதற்குக் கொஞ்சம் வயதாகிவிட்டது. அப்பா பார்த்துக் கொண்டுவந்தது, வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. எதற்கெடுத்தாலும் சத்தம். கட்டிலை ஈரம் பண்ணிவிடுகிறது. இனிமேல் பழக்க முடியுமா?’

இதற்குப் பதிலாகத்தான் மாஸ்டர் ‘பொறுமையும் பிஸ்கட்டும்’ என்ற கட்டுரையை எழுதியிருந்தார். பதிலுக்குக் கத்தக் கூடாது, ஒரே ஒரு சைகை காட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும், அடங்கிய பிறகுதான் தின்பண்டம் என்பது அதன் சாரம்.

“அவருக்காவது பலன் கிடைச்சுதான்னு கேளு. இல்லேன்னு சொன்னா இப்பவே மூடிடு” என்றார் மாஸ்டர்.

மச்சினன் குலதெய்வத்தை வேண்டிக்கொண்டு தட்டினான்: ‘பலன் கிடைத்ததா? அடுத்து எதைப் பற்றி எழுதட்டும்?’

இருவரும் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் நின்றிருந்தது. மாஸ்டர் நகத்தையெல்லாம் கடித்துத் தீர்த்துவிட்டார். ஒரு வழியாகப் பதில் வந்து விழுந்தது.

‘ரொம்ப உபயோகம் ஐயா. இப்போது சத்தமே இல்லை. கட்டிலும் காய்ந்து கிடக்கிறது. வீடே நிம்மதியாக இருக்கிறது. ஆனால் புதிதாக ஒரு தலைவலி. அடுத்த வாரம் இதைப் பெற்ற தாயும் இங்கே வந்து சேரப்போகிறது. அது இதைவிடச் சத்தம். இரண்டையும் சேர்த்துச் சமாளிப்பது எப்படி என்று சீக்கிரம் எழுதுங்கள்.’

மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது.

“பாத்தியா மாப்ளே! எங்கேயோ ஒரு குடும்பம் என்னால நிம்மதியா இருக்கு! மூடறதாவது கீடறதாவது! எழுது தலைப்பை, ‘தாயும் பிள்ளையும் ஒரே கூரையில்’!”

மச்சினனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மளமளவென்று தட்ட ஆரம்பித்தான்.

“தாய் வந்து இறங்கினதுமே அதுக்குன்னு தனியா ஒரு மூலையை ஒதுக்கிடணும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல உக்காத்தி வெச்சு சாப்பாடு போடக் கூடாது, கூட்டுச் சேந்துக்கிட்டுக் குரைக்கும். முக்கியமா, இந்த வீட்டுக்கு யாரு எஜமான்னு முதல் நாளே காட்டிடணும். அதுல மட்டும் இரக்கமே கூடாது!”

சொல்லச் சொல்ல உற்சாகம் தாங்கவில்லை. காலி டம்ளரைத் தானே எடுத்துப்போய்க் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

பின்னாலேயே வந்த மனைவி, போனை இடுப்பில் செருகிக்கொண்டு, அவர் கையில் இன்னொரு பிஸ்கட்டை வைத்தாள்.

“ஏங்க, உங்கம்மா போன் பண்ணாங்க, அடுத்த வாரம் இங்க வர்றாங்களாம்.”