கொதிக்கும் கூழும் நீல டிரம்மும்

தவசி வீட்டுக் கொல்லையில் சாராயம் காய்ச்சுவதற்காகப் புதிதாக ஒரு நீல பிளாஸ்டிக் டிரம் வந்து இறங்கியது. தன் அடியில் 'உணவுக்கு உகந்தது' என்று முத்திரை குத்தியிருந்ததில் அதற்குத் தலைகால் புரியவில்லை.

அடுப்பில் சோளக்கூழோடு கொதித்துக்கொண்டிருந்த எவர்சில்வர் அண்டா சொன்னது: "தம்பி, சூடு ஆறட்டும். அப்புறம் வாங்கிக்க."

"என் முத்திரையைப் படிச்சீங்களா அண்ணே?"

"படிச்சேன். எவ்வளவு சூடு தாங்கும்னு அதுல போடலையே."

அண்டாவுக்குப் பொறாமை என்று டிரம் முடிவுகட்டியது.

தவசி கொதிக்கக் கொதிக்கக் கூழை ஊற்றினார். டிரம்முக்கு விலா இளகி, உடம்பு ஒரு பக்கமாகச் சரிந்தது. தன்னிலிருந்து என்னவோ கூழுக்குள் கரைந்து போவது அதற்கே தெரிந்தது. ஆனாலும் மானம் போய்விடுமே என்று வாயைத் திறக்கவில்லை.

கூழை டிரம்மிலேயே பத்து நாள் புளிக்கவிட்டு, அதிலிருந்து வடித்த சாராயத்தை மோந்து பார்த்த தவசி முகம் சுளித்தார்.

"புதுச் செருப்பு வாடை அடிக்குது. அண்டாவைச் சரியாக் கழுவல போல."

அத்தனையையும் சாக்கடையில் கொட்டிவிட்டு, சாம்பலும் தேங்காய் நாருமாக அண்டாவைப் போட்டுத் தேய்க்க உட்கார்ந்தார்.

சுவரில் சாய்ந்து நின்ற டிரம் அண்டாவிடம் மெல்லச் சொன்னது:

"விளிம்போரம் இன்னும் அழுக்கு இருக்கு அண்ணே."