பொறுத்து வாங்கலாம்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. பினாங்கில் ஒரு டேப்லெட்டுக்காக ரத்தம் சிந்திய கதை சொல்கிறேன். அடிதடி கொஞ்சம் அதிகம்தான். பயப்படாதீர்கள், நான் பக்கத்திலேயே இருக்கிறேன்.

சீன முதலாளி லிம் தவுக்கேயின் கடையில் அன்று மூச்சுவிட இடமில்லை. கடைசிப் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். புது மாடல். அது ஒன்றுதான் மிச்சம்.

இரண்டு கைகள் ஒரே நேரத்தில் அதைப் பற்றின. ஒன்று கிம் சூ அம்மாளுடையது. மற்றது முன்பின் தெரியாத ஒருத்தியுடையது.

"விடுடி."

"நீ விடு, கிழட்டு வாத்து."

"அடுத்த மாசம் இதைவிட மெல்லிசா ஒண்ணு வருது லா," தவுக்கே கெஞ்சினார். "யாராவது ஒருத்தர் பொறுத்து வாங்குங்களேன்."

பொறுத்து வாங்கலாம். கிம் சூ தன் மகன் ஹாக் செங்கிடம் இரண்டு வருஷம் சொன்ன அதே வார்த்தை. வந்தவுடனே வாங்குகிறவன் முட்டாள், விலை இறங்கட்டும், அடுத்த மாடல் வரட்டும் என்பாள். அவனும் தலையாட்டிவிட்டுப் போவான். ஒரு தடவைகூட முகம் சுளித்ததில்லை, பாவி.

நாளைக் காலை அவனைப் பார்க்கப் போகிறாள். மலைமேட்டில் இருக்கிறான். வருஷத்தில் இந்த ஒரு நாள்தான் குடும்பத்தோடு அங்கே போவது. இந்த முறை வெறுங்கையோடு போவதில்லை என்று சத்தியம் செய்திருந்தாள்.

முழங்கையை மடக்கி அந்தப் பெண்ணின் வாயில் இடித்தாள்.

உதடு பிளந்தது. அவள் ரத்தத்தைத் துப்பிவிட்டு, கிம் சூவின் கொண்டையைப் பிடித்து அலமாரியில் மோதினாள். கண்ணாடி நொறுங்கியது. நெற்றியிலிருந்து வழிந்தது கண்ணை மறைத்தது.

கண் தெரியாமலே கிம் சூ அவள் மணிக்கட்டைக் கடித்தாள். எலும்பு பல்லில் தட்டும்வரை கடித்தாள்.

அந்தப் பெண்ணின் குடை கிம் சூவின் முதுகில் இறங்கியது. மறுபடி இறங்கியது. விலக்க வந்த தவுக்கேயின் சட்டைப் பொத்தான்கள் தெறித்தன. பெட்டியை மட்டும் இருவரும் விடவில்லை.

"ஐயோ, கிழிஞ்சிரும்! கிழிஞ்சிரும்!" என்று அவர் அலறினார்.

இருவரும் அப்படியே நின்றார்கள்.

காகிதம்தானே. அட்டைப் பெட்டிக்குள் திரையும் பொத்தானும் அச்சடித்த ஒரு காகிதப் பலகை. நாளைக்குக் கல்லறையில் கொளுத்தினால் செத்தவர் கைக்குப் போய்ச் சேரும். கிழிந்தது அங்கேயும் கிழிந்ததாகத்தான் போகும்.

"உனக்கு யாரு?" உதட்டை அழுத்திக்கொண்டு அந்தப் பெண் கேட்டாள்.

"பையன். இருபத்தொண்ணு. மோட்டார் சைக்கிள்."

"எனக்குப் பொண்ணு. பத்தொம்போது. காய்ச்சல்." மூச்சு வாங்கினாள். "நானும் அவகிட்ட பொறுடின்னுதான் சொன்னேன்."

அவள் மணிக்கட்டில் தன் பல் பதிந்த இடத்தைக் கிம் சூ பார்த்தாள்.

"கல்யாணம் ஆச்சா?"

"இல்ல."

"இவனுக்கும் ஆகல."

செத்துப் போனவர்களுக்கும் சம்பந்தம் பேசிக் கல்யாணம் முடிக்கிற ஜனங்கள் அவர்கள். தவுக்கே பிள்ளைகளின் பெயரை மட்டும் கேட்டுக்கொண்டார். தூரிகையை மையில் தோய்த்து, பெட்டியின்மேல் இரண்டு பெயர்களை அடுத்தடுத்து எழுதினார்.

"சம்பந்திச் சண்டையக் கல்யாணத்துக்கு முன்னாடியே முடிச்சிட்டீங்க லா," என்றார்.

மறுநாள் மலைமேட்டுக் கல்லறையில் அந்தப் பெட்டி நன்றாகப் பற்றிக்கொண்டது. கட்டுப்போட்ட கையைக் கட்டுப்போட்ட தலைக்காரி பிடித்துக்கொண்டு நின்றாள்.

நன்றாயிருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டுத் தீ அடுப்பில் மட்டுமே எரியட்டும்.