பல்லியின் சாட்சி

கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்கிறேன், இதில் ஓர் எழுத்தும் பொய்யில்லை. மாசிலாமணியின் அப்பா எதைச் சொன்னாலும் சுவரிலிருந்து பல்லி 'ச்சு ச்சு' என்று ஆமோதிக்கும். "பாத்தியா, பல்லியே சொல்லிருச்சு" என்று அவர் தரையில் விரலால் தட்டிக்கொள்வார். அம்மா செத்த மாதம், "உன்ன ஹாஸ்டல்ல விடமாட்டேன்டா" என்றார். பல்லியும் சொன்னது. மாசிலாமணிக்குச் சந்தேகம் தட்டியது. சத்தம் போடுவது அப்பாவேதானோ? மறுநாள் பல்லியைப் பிடித்துப் பவுடர் டப்பாவில் அடைத்தான்.

"திரும்பச் சொல்லுப்பா. சொல்லிட்டு வாய் நெறையத் தண்ணி வச்சுக்க."

"போலீஸ்காரன் தோத்தான்டா ஒங்கிட்ட. விடமாட்டேன், போதுமா?" என்று சொல்லிவிட்டு அப்பா கன்னம் உப்பத் தண்ணீரை வாங்கிக்கொண்டார். டப்பாவும் திறக்கவில்லை, வாயும் திறக்கவில்லை. வெறும் சுவர் 'ச்சு ச்சு' என்றது.

இதை மாசிலாமணி எனக்குச் சொன்னது, ஏழு வயதிலிருந்து அவன் வளர்ந்த ஹாஸ்டலில், பக்கத்துப் பாயில் படுத்துக்கொண்டு.