பக்கிரி வந்திருக்கார்

"என்னங்க... யாரோ பக்கிரியாம், வந்திருக்கார்!"

அமுதவல்லி உள்ளே பார்த்துச் சொல்லி வாயை மூடவில்லை, அறைக்குள் கண்ணாடி டம்ளர் ஒன்று விழுந்து நொறுங்கியது. லாஸ்பேட்டையில் அந்த வீட்டு வாசலில் நின்ற பக்கிரிக்கு அதில் ஒரு அற்ப சந்தோஷம். பேய்க்கதை எழுதுற ஆளுக்கே என் பேரைக் கேட்டா கை நடுங்குதா? நல்லா நடுங்கட்டும்!

பின்னே என்ன? குருசுக்குப்பத்தில் முப்பது வருஷமாக டெம்போ ஓட்டுகிற மனுஷன். முதல் இரண்டு பிள்ளைகளும் தங்காமல் போக, இதுவாவது பிழைக்கட்டும் என்று நாகூர் தர்காவுக்கு நேர்ந்துகொண்டு அம்மா வைத்த பேர் பக்கிரி. இந்தக் கடலோரத்தில் அவர் வயசுக்காரர்களில் தெருவுக்கு ஒரு பக்கிரி உண்டு.

அந்தப் பேரைப் போய் ஒரு பேய்க்கு வைத்துவிட்டார் எழுத்தாளர் கலைவாணன். முதலில் காமிக்ஸ். அப்புறம் சினிமா, அதுவும் இரண்டு பாகம். போதாக்குறைக்கு இப்போது ஒரு பாட்டு வேறு. எல்லாவற்றிலும் அதே பக்கிரி, கிழிந்த இடது காதோடு வீடு வீடாகக் கதவைத் தட்டுகிறான்.

சிக்னலில் டெம்போ நின்றால் போதும், காலேஜ் பிள்ளைகள், "பக்கிரி வாரான், கதவைத் தொற" என்று பாட ஆரம்பித்துவிடுகிறார்கள். வண்டிக்குப் பின்னால் எழுதியிருந்த பேரை அவரே பெயிண்ட் அடித்து மறைத்தார். பாவம், இப்போதெல்லாம் கண்ணாடி முன்னால் நின்றால் கை தானாகப் போய்க் காதைத் தடவிப் பார்க்கிறது.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டார். மகள் துர்காவின் கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போகிற நேரத்தில், நேற்று மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன் வந்தது. "பொண்ணோட அப்பா பேரு மட்டும் வேணாங்க. படிக்கிறவங்க சிரிப்பாங்க. தாய்மாமன் பேரைப் போட்டுக்கலாமே!"

பெத்த அப்பன் கல்லு மாதிரி உயிரோட இருக்கிறப்ப, அவன் பேர் இல்லாமல் ஒரு பத்திரிகையா? விடிந்ததும் கிளம்பி வந்துவிட்டார்.

கலைவாணன் உள்ளேயிருந்து ஓடி வந்தார். அறுபதை நெருங்குகிற வயசு. கண்ணாடிச் சில்லை மிதித்து உள்ளங்காலில் ரத்தம், அதைக்கூடக் கவனிக்கவில்லை. வந்தவர் பக்கிரியின் முகத்தைப் பார்க்காமல் நேராக இடது காதைப் பார்த்தார். பார்த்ததும் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"பயப்படாதீங்க சார், நான் பேய் இல்ல, மனுஷன்தான்" என்று ஆரம்பித்த பக்கிரி, டெம்போவிலிருந்து பத்திரிகை வரைக்கும் கொட்டித் தீர்த்தார். "எம்பொண்ணு நேத்துலேர்ந்து ஒரு வாய் சோறு திங்கல. அந்தப் பேரை மாத்திடுங்க சார். உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

"மாப்பிள்ளை வீட்டுக்கு நானே வரேன். அவங்க கால்ல வேணாலும் விழறேன். பத்திரிகைல உங்க பேருதான் இருக்கும், அதுக்கு நான் பொறுப்பு" என்றார் கலைவாணன். "ஆனா பேரை மட்டும் மாத்தச் சொல்லாதீங்க."

பக்கிரிக்குச் சுர்ரென்று ஏறியது. "யோவ்! எங்க பேரு மேல அப்புடி என்னய்யா உனக்குக் கோவம்?"

"எனக்கு ஒரு கோவமும் இல்ல. உங்களுக்குக் கோவம் வரணும்னுதான் அந்தப் பேரை வச்சேன். என்னைத் திட்டவாவது, செருப்பால அடிக்கவாவது தேடிக்கிட்டு வருவீங்கல்ல?"

"நாங்களா? நாங்க எதுக்கு சார் உங்களைத் தேடி வரணும்?"

கதவோரம் நின்ற அமுதவல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இந்தக் கேள்வி இதே வாசலில் எத்தனையோ தடவை அவள் காதில் விழுந்திருக்கிறது.

கலைவாணன் மறுபடியும் அந்த இடது காதைப் பார்த்தார்.

"உங்களோட சேத்து பதினாலு பக்கிரி வந்துட்டாங்க. நான் காது கிழிய அடிச்சு வெரட்டுன என் தம்பி பக்கிரிதான் இன்னும் வரல."