ஏலத்தில் போன அக்கார்டியன்

மாலை நான்கு மணிக்குச் செல்பேசியில் ஏலம் முடிந்தது.

இரண்டாயிரத்து முந்நூறு ரூபாய்.

அருளப்பன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அதே தொகைதான். கேட்டவர் ஒரே ஒருவர். செண்பகவல்லி, மணப்பாறை.

இருபத்தாறு வருடம் மாதா கோவில் பாடகர் குழுவில் அவர் வாசித்த அக்கார்டியன். இப்போது இடது தோள் அதன் கனத்தைத் தாங்குவதில்லை. பத்தாயிரமாவது வரும், மனைவி ஜெசிந்தாவுக்கு வாஷிங் மெஷின் வாங்கிக் கொடுக்கலாம் என்று இருந்தார்.

சற்று நேரத்தில் ஒரு போன்.

"அருளப்பன் சாருங்களா? ஏலத்தைக் கவனிக்காம விட்டுட்டேன். ஒன்பதாயிரம் தரேன். உடைஞ்சு போச்சுன்னு சொல்லி அந்தம்மாவைக் கேன்சல் பண்ணிடுங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

உடைந்தது என்று சொல்ல ஏதாவது உடைந்திருக்க வேண்டும்.

அக்கார்டியனை மேசைமேல் கிடத்தினார். ஜெசிந்தா துருத்தியை இழுத்து இழுத்து விட்டாள். அவர் கட்டை கட்டையாக அழுத்திக்கொண்டே போனார்.

நாற்பத்தொரு கட்டைகள்.

"ஒண்ணாவது மக்கர் பண்ணுதா பாருங்க."

ஒன்றும் பண்ணவில்லை. கடைசிக் கட்டையும் பாடியபோது ஜெசிந்தாவே சிரித்துவிட்டாள்.

"துணியை நான் கையாலயே தொவைச்சுக்கறேன். அந்தம்மாவ வரச் சொல்லுங்க."

ஒன்பதாயிரக்காரருக்கு, 'கொடுத்தாச்சு' என்று செய்தி அனுப்பினார். அக்கார்டியன் இன்னும் மேசைமேல்தான் இருந்தது.

மறுநாள் காலை செண்பகவல்லி பஸ்ஸில் வந்து இறங்கினார். அறுபது வயதிருக்கும். ஆஸ்பத்திரி நர்ஸாக இருந்து போன மாதம்தான் ஓய்வு பெற்றவர். இனிமேல்தான் வாசிக்கக் கற்றுக்கொள்ளப் போகிறாராம்.

"இந்த விலைக்குத் தர மாட்டாங்கன்னு என் மக சொன்னா சார்."

"ஏலம் உங்களுக்குத்தானேம்மா விழுந்துச்சு. ஆனா, கனம் ஜாஸ்தி."

"முப்பத்தோரு வருஷம் வார்டுல ஆளுங்களையே தூக்கியிருக்கேன்."

தூக்கி மாட்டிக்கொண்டார். வார் தொளதொளவென்று தொங்கியது. அருளப்பன் அதை இரண்டு துளை இறுக்கினார். ஓரத்தில் இருந்த சிறு பொத்தானைக் காட்டி, முதலில் இதை மட்டும் அழுத்தி இழுக்கச் சொன்னார்.

இசை இல்லை. வெறும் காற்று உள்ளே போய், வெளியே வந்தது.

செண்பகவல்லி தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"மூச்சு நல்லா இருக்கு சார்."