கருவியில் ஏறாத குறிப்புகள்

சாப்பாட்டு மேசை மேல் இருந்த, வழிகாட்டும் சைக்கிள் கருவி 'பீப் பீப்' என்று அலறியது. மறுபடியும் கணினியிலிருந்து பாதை மட்டும்தான் ஏறியிருந்தது. குறிப்புகள் ஒன்றுகூட வரவில்லை.

வில்மருக்குப் பொறுமை போனது. அக்கா அம்பாரோ இறந்த பிறகு இருவரும் சேர்ந்து மிதித்த இரட்டை சீட் சைக்கிள் பக்கமே அத்தான் எசேக்கியேல் போனதில்லை. இன்றுதான் லா கலேரா மலைக்கு வரச் சம்மதித்திருந்தார். அதுவும் அம்பாரோ இணையத்தில் வரைந்து, ஆங்காங்கே குறிப்பு எழுதி வைத்த பாதையில்தான் போக வேண்டுமாம்.

"கோடு சரியா வந்திருச்சு அத்தான். குறிப்பை விடுங்க, கிளம்பலாம்."

"குறிப்பு இல்லாம நான் வரல."

"அந்த ரோட்டுல நான் தூக்கத்துலயே ஓட்டுவேன்."

"நீ தூங்கிட்டே ஓட்டுறதா இருந்தா நான் வரவே மாட்டேன்."

வில்மர் கணினித் திரையைப் படித்தான். "எங்க திரும்பணும்னு ஒரு வரிகூட இல்லையே. 'யூகலிப்டஸ் மரமெல்லாம் முடிஞ்சது. இடது பக்கம் பொகோட்டா நகரம் மொத்தமும் கீழ தெரியுது. வேலிக்குப் பின்னால வெள்ளைப் பசு.' அக்கா ரோட்டைப் பார்க்காம வேடிக்கை பார்த்திருக்கா."

எசேக்கியேல் சிரிக்கவில்லை. மடியிலிருந்த ஹெல்மெட்டைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஒவ்வொண்ணா கையால அடிச்சு ஏத்துடா மாப்ள. நான் காத்திருக்கேன்."

"வழிக்கு உதவாத குறிப்பு எதுக்கு அத்தான்?"

"முன் சீட்டுல இருந்து எனக்குச் சொல்லத்தான் உங்கக்கா அதெல்லாம் எழுதி வெச்சா. பின்னால உட்கார்ந்து மிதிக்கிற குருடனுக்கு இனிமே நீதானேடா சொல்லணும்?"