ஒற்றைக்கண் ஒட்டகம்

டேப் ஓடி முடிய இன்னும் பத்தொன்பது நிமிடம். கழித்த டேப்புகளை நொறுக்க ஏற்றிப்போகும் லாரி கிளம்ப ஐந்தே நிமிடம். தொலைக்காட்சி நிலையத்தில் பழைய டேப்புகளைக் கணினியில் ஏற்றும் அறை. திரையின் நீல வெளிச்சம், அங்கே வேலை பார்க்கும் அவளுடைய மூக்குக்கண்ணாடியில் நெளிகிறது. ‘விவசாயச் செய்திகள்’ என்று யாரோ தப்பாக லேபிள் ஒட்டிய டேப்புக்குள்ளிருந்து, கலங்கரை விளக்கின் படிகளில் ஆடி ஆடி இறங்குகிறது துணியில் தைத்த ஓர் ஒற்றைக்கண் ஒட்டகம். அந்த ஒரு கண்ணும் சட்டைப் பொத்தான். ஆறு வயதில், காய்ச்சலோடு படுத்திருந்தபோது அவள் டிவியில் பார்த்த அதே ஒட்டகம். அப்படியொரு நிகழ்ச்சியே கிடையாது, காய்ச்சலில் உளறுகிறாள் என்று வீடே சிரித்தது. அண்ணன் இன்றைக்கும் விருந்தாளிகள் எதிரில் “வாம்மா ஒட்டகம்” என்றுதான் கூப்பிடுகிறான்.

“பட்டியல்ல இல்லாதது குப்பைம்மா. கழட்டிக் குடுங்க,” என்று கையை நீட்டுகிறார் மேற்பார்வையாளர்.

“டேப் முழுசா ஓடினாத்தான் சார் பிரதி ஏறும்.”

“ஒரு பொம்மைக்கா இவ்வளவு பிடிவாதம்?”

“பொம்மைக்கு இல்ல சார். முப்பத்தஞ்சு வருஷமா என்னைப் புளுகிங்கிறாங்க.”

அவர் விரல் மெஷினின் பொத்தானை நோக்கிப் போகிறது. அவள் நாற்காலியை இழுத்து நடுவில் போட்டு, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்கிறாள்.

“வேணும்னா என்னை வேலைய விட்டு எடுங்க. டேப்ப எடுக்க விடமாட்டேன்.”

திரையில் ஒட்டகம் பாட வாயைத் திறக்கிறது. அதற்கும் முந்திக்கொண்டு, ஒரு சொல்கூடத் தவறாமல், கட்டைக் குரலில் அவள் பாடுகிறாள்.